தெப்பக்குளத்து ஃபில்டர்

அய்யய்யோ, போடாதே! கையை எடு, கையை எடு. அந்தப் பொரியை அப்படியே இந்தத் தட்டுல கொட்டிடு தாரிணி. திட்டறேன்னு நினைச்சுக்காதேம்மா. புதுசா குடிவந்து முதமுதல்ல கொலு பாக்க வந்திருக்கே, உன்னைப் போய்த் திட்டுவேனா? அந்த மீன் தொட்டியில மட்டும் யாரும் எதையும் போடக்கூடாது. இந்த வீட்டுல இப்ப அது சட்டம். போட்டது நான்தான்.

உக்காரு. சுண்டல் எடுத்துக்கோ, இன்னிக்குப் பச்சைப் பயறு. காரம் போதலைன்னா சொல்லு, கூச்சப்படாதே. இவரு வண்டிக்குக் காத்து அடிக்கப் போயிருக்காரு. நல்லதாப் போச்சு. இவரு இருந்தா, நான் இந்தக் கதையை ஆரம்பிச்ச உடனே எழுந்து பால்கனிக்குப் போயிடுவாரு. வெக்கமாம். இவருக்கு என்ன வெக்கம்? பரிசைப் பறிகொடுத்தவ நான், நானே வாய் நிறையப் பேசறேன்.

ஆமா, போன வருஷம் நம்ம அபார்ட்மென்ட் கொலுப் போட்டியில முதல் பரிசு எனக்கு வரவேண்டியது. கேட்டுட்டு நீயே நியாயம் சொல்லு. நீ இன்னும் யார் பக்கமும் சேராதவ, அதனாலதான் உன்கிட்ட சொல்றேன். நேத்து பின் ப்ளாக் பொண்ணுகிட்டயும் சொன்னேன். அவ மூணாவது மாடி ஹேமலதாகிட்ட யோகா கத்துக்கறாளாம். அப்புறம் அவ நியாயம் எப்படி இருக்கும்?

முதல்ல இருந்து சொல்றேன். கொளத்தூர்ல வீடு வாங்கினா இதுதான் கதி. தெருவுக்குத் தெரு மீன் கடை. திங்கற மீனா இருந்தாலும் பரவாயில்லை, எல்லாம் கண்ணாடித் தொட்டி மீனு. மத்த வீட்டு ஆம்பளைங்க காய் வாங்கப் போனா காயோட வருவாங்க. இவரு கத்திரிக்காய் வாங்கப் போயி, பிளாஸ்டிக் கவர்ல நாலு கோல்டு ஃபிஷ்ஷோட வந்து நின்னாரு. கத்திரிக்காய் எங்கேன்னு கேட்டா, 'மறந்துட்டேன் வேணி'ங்கிறாரு. வேணிங்கிறது நான்தான், கமலவேணி. இவரு சிங்காரவேலு. கேட்டுக்கோ, நாளைக்கு லிஃப்ட்ல பாத்தா பேர் தெரியணும்ல.

அந்தக் கோல்டு ஃபிஷ் இருக்கே, தின்னுக்கிட்டே இருக்கும், தின்னதை வெளிய விட்டுக்கிட்டே இருக்கும். தண்ணி கலங்கிக்கிட்டே இருக்கும். அதுக்காக இவரு வெளிய வைக்கிற ஃபில்டர் ஒண்ணு வாங்கினாரு. தொட்டிக்குள்ள இருக்காது. தொட்டிக்குக் கீழே, ஸ்டாண்டுக்குள்ள நிக்கும். பால் கேன் மாதிரி உருண்டையா, மூடி போட்டு. ஒரு குழாய் வழியா தொட்டித் தண்ணி கீழே இறங்கும், உள்ளே ஸ்பாஞ்சு, கல்லு எல்லாத்துலயும் பூந்து சுத்தமாகும், மோட்டார் அதை இன்னொரு குழாய் வழியா மேலே தள்ளிவிடும். எனக்கு இதெல்லாம் ஒண்ணும் தெரியாது. இவரு சொன்னதை வச்சுச் சொல்றேன்.

அதை அப்பப்பக் கழுவணும். முத தடவை கழுவினப்போ என்ன பண்ணாரு தெரியுமா? குழாயில இருக்கிற சின்னத் திருகை மூடாம, குழாயை உருவிட்டாரு. மேலே தொட்டி, கீழே குழாய் வாய். தண்ணி சும்மா இருக்குமா? ஹாலு பூரா ஓடுது. அதுவும் என்ன தண்ணி! டீத்தூளை ரெண்டு தடவை கொதிக்கவிட்ட நிறம். நாத்தம்னா நாத்தம், மழைக்காலத்துக் கால்வாய் நாத்தம். புது சோபா அடியெல்லாம் நனைஞ்சு, அது கீழ் வீட்டு சீலிங்ல வேற இறங்கி, அந்தம்மா மாடி ஏறி வந்து, 'உங்க வீட்ல என்ன, கால்நடை எதாவது வளர்க்கறீங்களா'ன்னு கேட்டுட்டுப் போனா. என் மானம் போச்சு. அன்னிக்கே சொல்லிட்டேன். இனிமே ஒரு சொட்டு, ஒரே ஒரு சொட்டு தரையில விழுந்தா, தொட்டியும் மீனும் நீங்களும் ரோட்டுலதான்னு.

அதுக்கப்புறம் பாக்கணுமே இவரு பண்ற கூத்தை! ஆபரேஷன் பண்ற டாக்டர் தோத்தாரு. முதல்ல சுவிட்சை அணைக்கணும். அப்புறம் ரெண்டு குழாய்த் திருகையும் மூடணும். ஃபில்டரைத் தூக்கிப் பெரிய பேசின்ல வச்ச பிறகுதான், குழாயைப் பிடிச்சிருக்கிற கிளிப்பையே தொடணும். கிளிப்பைச் சுத்திப் பழைய துண்டைக் கட்டணும், ஏன்னா குழாய் வாயில எப்படியும் ரெண்டு மடக்குத் தண்ணி நிக்கும். பேசினோட பாத்ரூமுக்குக் கொண்டு போகணும், சாய்க்கக்கூடாது. ஸ்பாஞ்சைக் குழாய்த் தண்ணியில கழுவவே கூடாது, அதுல இருக்கிற நல்ல கிருமி செத்துடும். தொட்டித் தண்ணியிலயே அலசணும். மூடியில இருக்கிற ரப்பர் வளையம் நம்ம குக்கர் கேஸ்கட் மாதிரிதான், ஒரு தலைமுடி சிக்கியிருந்தாலும் ஒழுகும். திரும்ப வைக்கறதுக்கு முன்னாடி உள்ளே விளிம்பு வரைக்கும் தண்ணி ரொப்பிடணும், இல்லைன்னா காத்து மாட்டிக்கிட்டு மோட்டார் கத்தும்.

நான் அதுல தலையிடறதே இல்லை. இவரு கீழே குனிஞ்சு உக்காந்திருப்பாரு. 'அணை'ம்பாரு, அணைப்பேன். 'போடு'ம்பாரு, போடுவேன். சுவிட்சு மட்டும்தான் என் வேலை. மத்தபடி அந்த மீனுக்கும் எனக்கும் எந்த சம்பந்தமும் கிடையாது. நான் மீனுக்குப் பேரெல்லாம் வைக்கிறவ இல்லை. குண்டம்மாவைத் தவிர. அவளுக்கு வேற என்ன சொல்லிக் கூப்பிடறது? அதோ பாரு, வாலை ஆட்டிக்கிட்டு நடுவுல வர்றாளே, அவதான். காலையில நான் காபி போட எழுந்து லைட்டைப் போட்ட உடனே கண்ணாடிக்கு வந்துடுவா. இவரு போட்டா வரமாட்டா.

சரி, கொலுவுக்கு வர்றேன். நம்ம அபார்ட்மென்ட்ல கொலுப் போட்டின்னா அது ஹேமலதாவுக்குன்னே நடத்தற போட்டி. வருஷா வருஷம் அவளுக்குத்தான் முதல் பரிசுக் குத்துவிளக்கு. முந்தின வருஷம் கொலு நடுவுல ஒரு குட்டி ரயில் ஓடவிட்டா. பேட்டரி ரயில். குய்யின்னு கூவிக்கிட்டு, அஷ்டலட்சுமியைச் சுத்திச் சுத்தி வருது. எல்லாரும் ஆன்னு வாயைப் பொளந்துட்டு நின்னாங்க. அது பக்தியா? நீ சொல்லு. கொலுவா, ரயில்வே ஸ்டேஷனா? அடுத்த அசோசியேஷன் மீட்டிங்ல நான் எழுந்து பேசினேன். கரண்ட்லயோ பேட்டரிலயோ ஓடற எதுக்கும் மார்க் கிடையாதுன்னு நிபந்தனை போடணும்னேன். கைதட்டி ஏத்துக்கிட்டாங்க. ஹேமலதா மூஞ்சி எப்படி இருந்துச்சுங்கிறே!

ரயிலை நிறுத்தியாச்சு. இப்ப நான் எதாவது செஞ்சு காட்டணுமே. ஹாலைப் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தேன். தொட்டி கண்ணுல பட்டுச்சு. சட்டுனு தோணுச்சு பாரு, தெப்பக்குளம்! எத்தனை கொலுவுல பாத்திருக்கே, தாம்பாளத்துல தண்ணி ஊத்தி ரெண்டு பிளாஸ்டிக் வாத்தை விட்டு, குளம்னு சொல்லுவாங்க. நம்ம வீட்டுல நிஜத் தண்ணி, நிஜ மீனு. யார் வீட்ல இருக்கு?

அந்த ஸ்டாண்டு கனம், நகராது. அதனால அது இருக்கிற இடத்துலயே கொலுவைக் கட்டினேன். தொட்டிக்கு ரெண்டு பக்கமும் படி. தொட்டிக்கு முன்னாடி எங்க டைனிங் டேபிளை ஒட்டிப் போட்டு, அதுக்கு முன்னாடி பெஞ்சு. எல்லாத்தையும் பட்டுப் புடவையால தரை வரைக்கும் மூடிட்டேன். தூரத்துல நின்னு பாத்தா கொலுவுக்கு நடுவுல குளம் தளும்பி நிக்குது. தொட்டி மூடியை எடுத்துட்டு, தெர்மாகோல்ல தங்கக் காகிதம் ஒட்டி ஒரு தெப்பம் செஞ்சு மிதக்கவிட்டேன். அதுல சின்னதா ஒரு அம்மன். தொட்டியை ஒட்டினாப்புல டேபிள்ல எங்க மாமியார் குடுத்த தசாவதார செட்டு. பண்ருட்டிக் களிமண் பொம்மை, இப்ப அந்த மாதிரி முகம் யாரும் எழுதறதில்லை. தண்ணி பட்டா சாயம் கரைஞ்சிடும், அவ்வளவு பழசு. கீழே தரையில மணல் பரப்பி, முளைப்பயிர் வச்சு, கடைத்தெரு.

குளம்னா பொரி இல்லாம இருக்குமா? கோயில் குளத்துல மீனுக்குப் பொரி போடறது வழக்கம்தானே. ஒரு தட்டுல பொரி வச்சேன். அழகுக்குத்தான் வச்சேன். வந்த முதல் ஆளு, 'போடலாமா ஆன்ட்டி'ன்னு கேட்டா. என்ன சொல்றது? கொலு பாக்க வந்தவளை வேணாம்னு சொல்ல முடியுமா? 'நாலே நாலு போடும்மா'ன்னேன். பின்னாடி வந்தவ சும்மா இருப்பாளா? எல்லாருக்கும் அதேதான் சொன்னேன், நாலே நாலு போடுன்னு. ஆனா ஜனங்க இருக்காங்களே, நாலு போடுன்னா கை நிறைய அள்ளுவாங்க. ஒருத்தி உதிரிப்பூவைத் தூவினா. ஒருத்தி குங்குமத்தைத் தூவிட்டுக் கன்னத்துல போட்டுக்கறா. இன்னொருத்தி துளசி போட்டா. அறிவு வேணாமா? தட்டு காலியாயிடுச்சுன்னா நான் வேற ஓடி ஓடி ரொப்ப வேண்டியிருந்துச்சு.

ஆனா ஒண்ணு, கூட்டம்னா கூட்டம். ஹேமலதா வீட்டுக்குப் போறவங்களும் இங்க வந்து நின்னுட்டுத்தான் போனாங்க. ரெண்டு மூணு நாள்ல இன்னொரு அதிசயம். மீனெல்லாம் தண்ணிக்கு மேலேயே வந்து நின்னுக்கிட்டு, வாயைத் திறந்து திறந்து மூடுது. தெப்பத்து அம்மனைச் சுத்தி நின்னுக்கிட்டு, எல்லாம் ஒரே மாதிரி. ஒரு மாமி பாத்துட்டு, 'வேணி, உங்க வீட்டு மீனு மந்திரம் சொல்லுதுடி'ன்னுட்டாங்க. எனக்குப் புல்லரிச்சுப் போச்சு. அபார்ட்மென்ட் பூரா பரவிடுச்சு. மந்திரம் சொல்ற மீனு!

ஒரு நாள் இவரு அரை நாள் லீவுல மத்தியானமே ஆபீஸ்ல இருந்து வந்தாரு. தொட்டிகிட்ட குனிஞ்சு பாத்தாரு. சட்டையைக் கூட மாத்தலை.

'வேணி, அது மந்திரம் சொல்லலை. மூச்சு வாங்குது.'

பொரி ஊறி, பூ அழுகி, எல்லாம் போய் ஃபில்டர்ல அடைச்சுக்கிச்சாம். மேல தள்ளற குழாயில தண்ணி நூல் மாதிரி வருது. காத்து கலக்காததால மீனு மேலே வந்து மூச்சுக்குத் தவிக்குதாம். 'டேபிளை ஒரு அடி தள்ளிக்கறேன், கழுவிடலாம்'னாரு.

நான் சம்மதிப்பேனா? உங்க வீட்டுலயும் அப்படித்தானே, கலசம் வச்சாச்சுன்னா விஜயதசமி முடிஞ்சு ஒரு பொம்மையைப் படுக்க வைக்கிற வரைக்கும் கொலுவை அசைக்கலாமா? அதுவும் அன்னிக்குச் சாயந்திரம்தான் ஜட்ஜுங்க வர்றாங்க. 'கொலு அசையக்கூடாது'ன்னேன். 'மீனு செத்துடும்'னாரு. 'வேற தண்ணி ஊத்துங்க'ன்னேன். 'ஃபில்டர் ஓடலைன்னா எந்தத் தண்ணி ஊத்தியும் பிரயோஜனம் இல்லை'ன்னாரு. ரெண்டு பேரும் தொட்டியைப் பாத்துக்கிட்டு நிக்கறோம். குண்டம்மா மேலே வந்து வாயைத் திறந்தா. என்னைப் பாத்துத்தான் திறந்தா.

'சரி'ன்னாரு இவரு. 'கொலு அசைய வேணாம். டேபிளுக்கு அடியில நான் போறேன்.'

நீ இவரைப் பாத்ததில்லையே. நல்ல ஆகிருதி. ஷேர் ஆட்டோல ரெண்டு பேர் இடத்துல உக்காருவாரு. இவரு தலைக்கு மேல தசாவதாரம், கலசம். நிமிர்ந்தா எல்லாம் போச்சு. 'ஒரு சொட்டு'ன்னு விரலைக் காட்டினேன். 'சிந்தாது'ன்னாரு. பக்கவாட்டுல புடவையைத் தூக்கினேன், தவழ்ந்து உள்ளே போனாரு. கொஞ்ச நேரத்துல உள்ளே இருந்து 'அணை'ன்னு குரல் வந்துச்சு. அணைச்சேன்.

பேசினோட ஃபில்டரைத் தள்ளிக்கிட்டே வெளிய வந்தாரு. பாத்ரூம்ல வச்சு மூடியைத் திறந்தா, உள்ளே களி கிண்டி வச்ச மாதிரி இருக்கு. பூவும் பொரியும் ஒரு நிறத்துல. நான் எதுவும் செய்யலை. டார்ச் மட்டும் பிடிச்சேன். ஸ்பாஞ்சைப் பிழிஞ்சேன், இவருக்குக் கையில வலு போதாது. கேஸ்கட்டைத் துடைச்சு, வெளிச்சத்துல காட்டி, முடி எதாவது இருக்கான்னு பாத்தேன். அவ்வளவுதான். மத்ததெல்லாம் இவருதான். விளிம்பு வரைக்கும் தொட்டித் தண்ணியை ரொப்பி, மூடியை அழுத்திப் பூட்டி, குழந்தையைத் தூக்கற மாதிரி தூக்கிக்கிட்டு மறுபடியும் டேபிளுக்கு அடியில போனாரு.

காலிங் பெல் அடிச்சுது.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு வர்றோம்னு சொன்னவங்க, வெயில் இறங்கறதுக்குள்ள வந்து நிக்கறாங்க. ரிட்டயர்டு புரொஃபசர் வனஜாட்சி மேடம், அவங்கதான் பெரிய ஜட்ஜு. கூட ரெண்டு பேர். பின்னாடியே, எதுக்கு வந்தான்னே தெரியலை, ஹேமலதா. நான் திரும்பிப் பாத்தா, புடவைக்கு வெளிய இவரு கால் கட்டை விரல் தெரியுது. போற போக்குல புடவையை இழுத்து மூடி, 'அசையாதீங்க'ன்னு பல்லைக் கடிச்சுச் சொல்லிட்டு, 'வாங்க வாங்க மேடம்'னு கதவைத் திறந்தேன்.

என் நிலைமையை யோசிச்சுப் பாரு தாரிணி. ஜட்ஜுங்க முன்னாடி கொலுவுக்கு அடியில இருந்து, பனியனும் அரை டிராயருமா ஒரு ஆம்பளை தவழ்ந்து வந்தா எப்படி இருக்கும்? ஹேமலதா அதை வச்சே பத்து வருஷம் பேசுவா.

உக்கார வச்சேன். வனஜாட்சி மேடம் அந்தச் சுவரோரமா, சரியா சுவிட்சு போர்டுக்குக் கீழே சேரைப் போட்டு உக்காந்துட்டாங்க. 'என்ன அழகும்மா, நிஜக் குளம்!' அப்படின்னாங்க. எனக்குக் காலு தரையில இல்லை. 'மீன் மந்திரம் சொல்லுதாமே'ன்னு எட்டிப் பாத்தாங்க. ஹேமலதாவும் பாத்தா. மீனு சொல்லிக்கிட்டுதான் இருந்துச்சு பாவம். 'ஒரு பாட்டு பாடும்மா'ன்னாங்க.

நான் பாட ஆரம்பிச்சேன். எனக்கு உருப்படியாத் தெரிஞ்சது ஒரே பாட்டு. பாடிக்கிட்டிருக்கும்போதே டேபிளுக்கு அடியில 'டக்'. ஒரு கிளிப்பு மாட்டிட்டாரு. கொஞ்சம் பொறுத்து இன்னொரு 'டக்'. ரெண்டும் மாட்டியாச்சு. அப்புறம் 'குளுக் குளுக் குளுக்'னு குழாயில தண்ணி இறங்கற சத்தம். வனஜாட்சி மேடம் பாட்டுக்கு நடுவுல, 'என்னம்மா சத்தம்?'னாங்க. 'குளத்துக்குத் தண்ணி வர்றது மேடம்'னு பாட்டு ராகத்துலயே சொல்லிட்டு மேலே பாடினேன்.

அப்புறம் டேபிள் காலைத் தட்டறாரு. டொக், டொக், டொக். போடுங்கிறாரு. வாயால சொல்ல முடியாதே. அவரு தட்டின தட்டுல மேலே இருந்த தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மை தானா ஆட ஆரம்பிச்சிடுச்சு. கூட வந்த ஜட்ஜம்மா, 'பாட்டுக்குத் தலையாட்டுது பாருங்க'ன்னு கையைக் கூப்பினாங்க. மார்க் ஏறுதுன்னு எனக்குத் தெரியுது. கண்ணுக்கு முன்னாடி குத்துவிளக்கு தெரியுது. இன்னும் ஒரு சரணம் பாடினா எழுந்து போயிடுவாங்க, அப்புறம் நிம்மதியா சுவிட்சைப் போட்டுக்கலாம்னு நினைச்சேன்.

அப்பத்தான் தொட்டியைப் பாத்தேன். குண்டம்மா ஒருக்களிச்சுட்டா. ஒரு பக்கமா சாஞ்சு, வெள்ளை வயிறு தெரிய, தெப்பத்துல முட்டிக்கிட்டு நிக்கறா. வாய் மட்டும் திறக்குது, மூடுது.

கேளு தாரிணி. ஃபில்டரைப் புதுசா மாட்டிப் போட்டா, உடனே தண்ணி ஒழுங்கா வராது. முதல்ல காத்தும் தண்ணியுமா நாலாபக்கமும் துப்பும். துப்பினா நேரா எங்க மாமியார் தசாவதாரம் மேலதான். கிளிப்பு சரியா மாட்டலைன்னா கீழே பீச்சி அடிக்கும். மணல், கடைத்தெரு, ஜமுக்காளம், வனஜாட்சி மேடம் பட்டுப்புடவை, எல்லாத்துலயும் அந்தத் தண்ணி. இருட்டுல, குனிஞ்ச வாக்குல, கழுத்தை நிமிர்த்தக்கூட முடியாம மாட்டினது. யாரு? வீட்டுல இவரு அடிச்ச ஒரு ஆணி நேரா நின்னதில்லை. இவரு பூட்டின கதவைத் திரும்பப் போய் நான் இழுத்துப் பாக்காம ஊருக்குப் போனதில்லை. இவரை நம்பிச் சுவிட்சைப் போடறதா?

பாட்டு பாதியில நிக்குது. எல்லாரும் என்னைப் பாக்கறாங்க. நான் எழுந்துட்டேன். 'கொஞ்சம் காலை ஒதுக்கிக்கங்க மேடம்'னு வனஜாட்சி மேடத்தைத் தாண்டிப் போய், சுவிட்சு மேல விரலை வச்சேன். வச்சுட்டும் நின்னேன். டொக், டொக், டொக். போட்டுட்டேன்.

ஏன் போட்டேன்னு கேக்காதே.

மோட்டார் 'ஊம்'னுச்சு. குழாய் ஒரு தடவை இருமிச்சு. நான் கண்ணை மூடிக்கிட்டேன். ஒண்ணும் ஆகலை. கண்ணைத் திறந்து பாத்தா, மேலே குழாயில இருந்து தண்ணி கொட்டுது, என்ன வேகம்கிறே, தொட்டி பூரா நுரை நுரையா காத்து. வெளிய ஒரு சொட்டு இல்லை. மச்சாவதாரத்து மேல கூட ஒரு சொட்டு இல்லை. அந்தத் தண்ணி ஓட்டத்துல தெப்பம் மெதுவா அசைஞ்சுது. அசைஞ்சு, நகந்து, தொட்டியைச் சுத்தி வர ஆரம்பிச்சிடுச்சு! அம்மன் எங்களைப் பாத்துக்கிட்டே வர்றா. கூட வந்த ரெண்டு பேரும் எழுந்து நின்னு கும்பிட்டாங்க. அவங்க கண்ணுல தண்ணி. ஹேமலதாவே கன்னத்துல போட்டுக்கிட்டா. நான் பாத்தேன், அவ இல்லைன்னு சொல்லட்டும் பாக்கலாம். தெப்பம் ஒரு சுத்து முடிச்சு, ரெண்டாவது சுத்து வந்துச்சு. குண்டம்மா மெதுவா நிமிர்ந்தா. நிமிர்ந்து, அந்தக் காத்துக் குமிழிக்குள்ள போய் நின்னுக்கிட்டா.

'பிரமாதம்'னாங்க வனஜாட்சி மேடம். அப்புறம் மூக்குக் கண்ணாடியை இறக்கி, சுவிட்சைப் பாத்தாங்க, என்னைப் பாத்தாங்க. 'ஆனா இது கரண்ட்ல ஓடுதேம்மா'ன்னாங்க.

'இல்லை மேடம், இது தெப்பத்துக்கு இல்லை, ஃபில்டருக்கு'ன்னேன். ஹேமலதா உடனே, 'ஃபில்டருன்னா அது எப்பவும் ஓடிக்கிட்டுதானே ஆன்ட்டி இருக்கணும்? நீங்க இப்பதானே போட்டீங்க'ங்கிறா. பாரு, எவ்வளவு விஷயம் தெரிஞ்சு வச்சிருக்கா! ஏன் அணைச்சு வச்சிருந்தேன்னு சொல்லணும்னா, புடவையைத் தூக்கி இவரைக் காட்டணும். காட்ட முடியுமா? வனஜாட்சி மேடம் 'நிபந்தனைன்னா நிபந்தனைதான்'னு சொல்லிட்டு எழுந்துட்டாங்க. அந்த நிபந்தனையை நான் கொண்டு வந்தது ரயிலுக்கு! தெப்பத்துக்கா கொண்டு வந்தேன்? ஜட்ஜுக்கு அது கூடப் புரிய வேணாமா? ஹேமலதாவுக்குத்தான் குத்துவிளக்கு. எனக்கு ஆறுதல் பரிசுன்னு ஒரு பிளாஸ்டிக் கூடை குடுத்தாங்க. வெங்காயம் போட்டு வச்சிருக்கேன்.

எல்லாரையும் அனுப்பிட்டு, கதவைச் சாத்திட்டு வந்து புடவையைத் தூக்கினேன். வாய் நிறையத் திட்டு வச்சிருந்தேன். எல்லாம் இவராலதானே? இவரு அந்த இருட்டுல, தலையை ஒரு பக்கமா சாச்சுக்கிட்டு, ஃபில்டரை ரெண்டு காலுக்கு நடுவுல வச்சு, மூடியைச் சுத்தித் துண்டைப் பிடிச்சுக்கிட்டு அப்படியே உக்காந்திருக்காரு. துண்டைத் தொட்டுப் பாத்தேன். காஞ்சு கிடந்துச்சு.

'குண்டம்மா?'ன்னாரு. பரிசு என்னாச்சுன்னு கேக்கலை.

'நீந்தறா'ன்னேன்.

கையைப் பிடிச்சு வெளிய இழுத்தேன். காலு மரத்துப் போய் நிக்க முடியலை, என் தோளைப் பிடிச்சுக்கிட்டுத் தொட்டியையே பாத்துக்கிட்டு நின்னாரு. தெப்பம் இன்னும் சுத்திக்கிட்டிருந்துச்சு. எனக்குத் தாங்கலை. கேட்டுட்டேன். 'ஏங்க, நான் பாட்டுக்கு சுவிட்சைப் போடாம உக்காந்திருந்தா என்ன பண்ணியிருப்பீங்க? எல்லார் முன்னாடியும் வெளிய வந்திருப்பீங்களா?'

'இல்லை'ன்னாரு.

'பின்னே? மீனு போனா போகட்டும்னா?'

'நீ போட்டுடுவேன்னு தெரியும்'னாரு.

அவ்வளவுதான். சொல்லிட்டு முட்டியைத் தேய்ச்சுக்கிட்டே காபி இருக்கான்னு கேட்டாரு. எனக்கு வந்துச்சு பாரு ஒரு கோபம், இன்னிக்கு வரைக்கும் அது ஆறலை. சுவிட்சு மேல விரலை வச்சுக்கிட்டு, போடலாமா வேணாமான்னு நின்னவ நான். எனக்கே தெரியலைம்மா. புடவைக்குள்ள, இருட்டுல, என் மூஞ்சியைக்கூடப் பாக்காம உக்காந்திருந்த மனுஷனுக்கு அது எப்படித் தெரிஞ்சுது?